ஒரே குன்று, இரண்டு பூவிசிறிகள்

மலையைக் கண்டதும் மனிதனின் கைகள் தாமாகவே குவிகின்றன. இது இன்று நேற்று வந்த பழக்கமன்று. குன்றுதோறும் குமரன் குடியிருக்கிறான் என்று தமிழர்கள் நம்பினர். திருவண்ணாமலையில் மலையையே இறைவனாகக் கண்டு வலம் வந்தனர். வடக்கே இமயத்தின் மடியில் பத்ரியும் கேதாரமும் எழுந்தன. மேற்கே சத்ருஞ்சய மலையைச் சமணர்கள் கோயில்களால் நிறைத்தனர். உயரமாக நிற்பதனால் மட்டும் மலைக்கு இந்தப் பெருமை வந்துவிடவில்லை. அதன் அடியில் நிற்கும்போது மனிதன் தன் அளவை உணர்கிறான். 'நான்' என்னும் எண்ணம் அவனிடம் சற்றே தளர்கிறது. அந்தத் தளர்ச்சியே வழிபாட்டின் தொடக்கம்.

ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்த சிறிது நேரத்திற்குள் அந்த 'நான்' மீண்டும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. 'என் மலை, என் கோயில், என் தெய்வம்' என்று அது பேசத் தொடங்குகிறது. செல்வத்தால் வரும் அகந்தையைப் பிறர் எளிதில் கண்டுகொள்வர். கல்வியால் வரும் அகந்தையையும் கண்டுகொள்வர். பக்தியின் உடையை அணிந்து வரும் அகந்தையை அடையாளம் காண்பது அரிது. அதை உடையவனே அதைக் காணமாட்டான்.

அன்பர்களே, பக்தனுக்கு உண்மையான சோதனை அவன் தன் சந்நிதியில் நிற்கும்போது வருவதில்லை. பிறருடைய சந்நிதியின் வாசலைக் கடந்து செல்லும்போதுதான் வருகிறது. அந்த வாசலில் அவன் மனம் என்ன நினைக்கிறது, கை என்ன செய்கிறது என்பதைக் கொண்டு அவனுடைய பக்தியின் ஆழத்தை அளந்துவிடலாம். இதை உணர்த்தும் மலையூர்கள் இரண்டு உண்டு. ஒன்று கடல் கடந்த ஜப்பானில் இருக்கிறது. மற்றொன்று தலைநகர் தில்லியிலேயே இருக்கிறது.

சூரிய ஒளியின் ஊர்

ஜப்பானின் தலைநகரான தோக்கியோவுக்கு வடக்கே, மலைகள் சூழ நிக்கோ என்னும் ஊர் அமைந்துள்ளது. அப்பெயருக்குச் 'சூரிய ஒளி' என்பது பொருள். எட்டாம் நூற்றாண்டில் ஷோதோ என்னும் பௌத்தத் துறவி, பாய்ந்தோடும் ஆற்றைக் கடந்து அங்கே வந்து தவம் புரிந்தார். அங்குள்ள நான்தாய் மலை தெய்வமாகவே போற்றப்பட்டது. 97 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கெகோன் அருவி, இலையுதிர் காலத்தில் செந்நிறம் பூணும் காடுகள், வானை நோக்கி நிமிர்ந்த சுகி மரங்கள் ஆகிய அனைத்தும் அந்த ஊரைக் காண்போர் மனத்தைத் தாமே அமைதிப்படுத்துகின்றன. 17ஆம் நூற்றாண்டில், நாட்டை ஒருங்கிணைத்து ஆண்ட தொகுகவா இயேயாசுவின் நினைவாகத் தோஷோகு என்னும் பேரழகு வாய்ந்த ஆலயம் அங்கே எழுந்தது.

நிக்கோவின் சிறப்பு இயற்கை எழிலோடு நின்றுவிடவில்லை. ஜப்பானியரின் தொன்மையான ஷிந்தோ நெறியின் தெய்வங்களும் புத்தர்பெருமானும் அந்த ஒரே மலைச்சாரலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே வழிபடப்பட்டனர். மலைத்தெய்வத்தை வணங்கியவன் புத்தரையும் வணங்கினான். தான் இரண்டு இடங்களில் வணங்குவதாக அவன் எண்ணவே இல்லை.

1868-இல் ஜப்பானில் புதிய அரசு அமைந்தது. ஷிந்தோவையும் பௌத்தத்தையும் தனித்தனியே பிரிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. நாடெங்கும் பல பௌத்த ஆலயங்களும் திருவுருவங்களும் அழிந்தன. நிக்கோவிலும் எல்லைகள் வகுக்கப்பட்டன. எது யாருக்கு உரியது என்று கணக்கு எழுதப்பட்டது. மூன்று பெரிய திருவுருவங்களைக் கொண்ட பௌத்த மண்டபத்தைப் பிரித்தெடுத்து வேறோர் இடத்தில் அமைக்க நேர்ந்தது. மண்டபம் இடம்பெயர்ந்தது, மலை இடம்பெயரவில்லை. அருவியையும் ஆற்றையும் யாராலும் பங்கு போட இயலவில்லை. அங்குள்ள இரண்டு ஷிந்தோ ஆலயங்களையும் ஒரு பௌத்த ஆலயத்தையும், அவற்றைச் சேர்ந்த 103 கட்டடங்களையும் சேர்த்து ஒரே தலமாக 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மனிதர்கள் பிரித்ததை உலகம் ஒன்றாகவே கண்டது.

அந்தத் தோஷோகு ஆலயத்தின் புனிதக் குதிரை லாயத்தில் ஒரு மரச்சிற்பம் உண்டு. அதில் மூன்று குரங்குகள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று கண்களைப் பொத்தியிருக்கிறது. ஒன்று காதுகளைப் பொத்தியிருக்கிறது. மற்றொன்று வாயைப் பொத்தியிருக்கிறது. தீயதைப் பார்க்காதே, தீயதைக் கேட்காதே, தீயதைப் பேசாதே என்பது அவற்றின் உபதேசம். இந்த மூன்று குரங்குகளின் சிறு பொம்மை ஒன்றை இந்தியாவில் ஒரு மகான் தம் இறுதிநாள் வரை தம்முடன் வைத்திருந்தார். அவருடைய சொற்ப உடைமைகளுள் அதுவும் ஒன்று. அவர் மகாத்மா காந்தி. அந்த உபதேசத்தின் முழுப் பொருளையும் அவர் வாழ்ந்து காட்டிய இடம் தில்லியின் மலையூராகிய மெஹ்ரௌலி.

தில்லியின் மலையூர்

தில்லியில் மலை ஏது என்று பலரும் கேட்பர். உலகின் மிகப் பழமையான மலைத்தொடர்களுள் ஒன்றாகிய ஆரவல்லி, குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தானத்தையும் ஹரியானாவையும் கடந்து வந்து தில்லியில்தான் முடிவடைகிறது. காலத்தால் தேய்ந்து தாழ்ந்துபோன அந்தப் பாறைமுகட்டின்மீதுதான் தில்லியின் மிகப் பழைய நகரம் எழுந்தது. 11ஆம் நூற்றாண்டில் தோமர் அரசர்கள் அங்கே லால்கோட் கோட்டையைக் கட்டினர். பின்னர் 72.5 மீட்டர் உயரமுள்ள குதுப் மினார் அங்கேதான் எழுந்தது.

பாறை நிலத்தில் நீர் அரிது. எனவே முன்னோர் மழைநீரைத் தேக்கினர். 1230-ஆம் ஆண்டளவில் சுல்தான் இல்துத்மிஷ் அங்கே ஒரு பெரிய ஏரியை அமைத்தார். அதன் மிகுநீர் வழிந்து விழும் இடத்தில் ஜர்னா என்னும் அருவித் தோட்டம் பிற்காலத்தில் உருவாயிற்று. படிக்கிணறுகளும் மாந்தோப்புகளும் சூழ்ந்தன. கோடையின் கொடுமை தணிந்து மழை பெய்யும் நாட்களில் தில்லி மக்கள் நகரை விட்டு இந்தக் குன்றுக்கு வந்து தங்குவர். முகலாயப் பேரரசின் கடைசி மன்னர்களும் அவ்வாறே வந்தனர். இன்று ஏரி சுருங்கிவிட்டது, தோப்புகள் மறைந்துவிட்டன. ஆயினும் பாறையும் காட்டின் ஒரு பகுதியும் எஞ்சி நிற்கின்றன.

இந்தச் சிறிய நிலப்பரப்பில் எத்தனை சந்நிதிகள்! கண்ணனின் தங்கையாகிய யோகமாயாவின் கோயில் இங்கே உள்ளது. 1166-இல் இங்கே உடல் துறந்த சமண ஆசாரியர் மணிதாரி ஜினசந்திர சூரியின் நினைவிடம் இங்கே உள்ளது. ஹஸ்ரத் குத்புதீன் பக்தியார் காக்கி என்னும் சூஃபி ஞானியின் தர்கா இங்கே உள்ளது. 1716-இல் தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் உயிர் நீத்த சீக்கிய வீரர் பாபா பந்தா சிங் பகதூரின் நினைவாக ஒரு குருத்வாராவும் இங்கே உள்ளது.

இந்தக் குன்று இனிய நினைவுகளை மட்டும் சுமக்கவில்லை. குதுப் வளாகத்தின் பழைய பள்ளிவாசலை அமைக்க 27 கோயில்களின் கற்களும் தூண்களும் பயன்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. பந்தா சிங்குக்கு நேர்ந்த கொடுமையும் சிறியதன்று. கல்லுக்கு மறதி இல்லை. ஒவ்வொரு சமூகமும் இங்கே வந்து தன் காயத்தைச் சுட்டிக்காட்டலாம். அப்படியானால் காயம்பட்ட நிலத்தில் பக்தன் எப்படி வாழ வேண்டும்? பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக வாழ வேண்டுமா, புதிய கணக்கு தொடங்காமல் காப்பதற்காக வாழ வேண்டுமா? மெஹ்ரௌலி இந்த வினாவை ஒவ்வொரு தலைமுறையிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பிறர் பிள்ளைக்காக வந்தவள்

யோகமாயாவின் வரலாற்றை அனைவரும் அறிவர். கம்சனின் சிறையில் தேவகிக்குக் கண்ணன் பிறந்தான். அதே இரவில் கோகுலத்தில் யசோதைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வசுதேவர் கண்ணனை யசோதையின் அருகில் கிடத்திவிட்டு, அந்தப் பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு சிறைக்குத் திரும்பினார். கம்சன் அதைப் பாறையில் அடிக்க ஓங்கியபோது அது அவன் கையிலிருந்து நழுவி வானில் எழுந்து தேவியாக நின்றது.

இந்தக் கதையைக் கேட்போர் பெரும்பாலும் கண்ணன் தப்பியதை எண்ணி மகிழ்கின்றனர். அவன் தப்புவதற்காக வேறொருத்தி வாளின் முன் வந்து கிடந்தாள் என்பதைச் சற்றே மறந்துவிடுகின்றனர். பிறர் வீட்டுப் பிள்ளையின் உயிருக்காகத் தன்னை முன்நிறுத்திய தெய்வத்தின் பெயர் யோகமாயா. அவளை வணங்குவோர் பிறர் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து வரும்போது கதவை மூடிக்கொண்டு இருக்கலாகாது. மூடிக்கொண்டால் அவர்கள் அவளுடைய சிலையை மட்டுமே வணங்கியவர் ஆவர்.

அக்கோயிலுக்குச் சிறிது தொலைவில் அடங்கியிருக்கும் குத்புதீன் காக்கி, மத்திய ஆசியாவின் ஓஷ் நகரில் பிறந்தவர். அஜ்மீரின் குவாஜா முயினுதீன் சிஷ்தியின் சீடர். அவர் பெயருடன் சேர்ந்துள்ள 'காக்' என்னும் சொல் ஒருவகை ரொட்டியைக் குறிக்கும். வறுமையில் வாடிய அவருடைய இல்லத்தரசி கடைக்காரனிடம் கடன் வாங்கிவந்தார். அதை விரும்பாத அந்த ஞானி, 'இனிக் கடன் வாங்காதே. இறைவன் பெயரைச் சொல்லி அறையின் மூலையிலிருந்து எடுத்துக்கொள்' என்றார் என்றும், அங்கே நாள்தோறும் ரொட்டி கிடைத்தது என்றும் பக்தர்கள் சொல்லி வருகின்றனர். கையேந்த வேண்டிய இடம் ஒன்றே என்பது அந்தக் கதையின் கருத்து.

அவருடைய சீடர் பாபா ஃபரீது. ஃபரீதின் பாடல்கள் சீக்கியரின் புனித நூலாகிய குரு கிரந்த சாகிபில் இடம்பெற்றுள்ளன. ஆகவே குருத்வாராவில் அமர்ந்து அப்பாடல்களைக் கேட்கும் ஒவ்வொரு சீக்கியரும், மெஹ்ரௌலியில் உறங்கும் ஞானியின் சீடருடைய குரலையே கேட்கிறார். வெளியே மதில்கள் தனித்தனியாக நிற்கின்றன. அடியில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

பூக்காரர்களின் உலா

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் அக்பர் தில்லியில் மன்னராக இருந்தார். ஆட்சி பெயரளவில்தான் அவரிடம் இருந்தது. அதிகாரம் ஆங்கிலேயரிடம் இருந்தது. அவருடைய மகன் மிர்சா ஜஹாங்கீர், ஆங்கிலேய அதிகாரியின்மீது துப்பாக்கியால் சுட்டதற்காக அலகாபாத்துக்கு நாடுகடத்தப்பட்டார். மகனைப் பிரிந்த தாய் வேண்டிக்கொண்டார்: 'என் பிள்ளை திரும்பி வந்தால் குவாஜா குத்புதீனின் சமாதியில் மலர்ப் போர்வை சாத்துகிறேன்.' பிள்ளை திரும்பி வந்தான். 1812-ஆம் ஆண்டை ஒட்டி நடந்ததாகக் கூறப்படும் இந்த நிகழ்ச்சியே பூக்காரர்களின் உலா என்னும் திருவிழாவுக்கு வித்தாயிற்று.

வேண்டுதல் தர்காவுக்கு மட்டுமே உரியது. ஆனால் மலர்கள் அங்கே மட்டும் செல்லவில்லை. பூக்களால் ஆன ஒரு பெரிய விசிறி தர்காவுக்குச் சென்றது. மற்றொரு பூவிசிறி யோகமாயாவின் கோயிலுக்குச் சென்றது. இரண்டு ஊர்வலங்களிலும் இரு சமயத்தவரும் நடந்தனர். ஷெனாய் முழங்கியது. மாந்தோப்புகளில் ஊஞ்சல்கள் ஆடின. பல நாட்கள் தில்லி நகரமே இந்தக் குன்றுக்குக் குடிபெயர்ந்துவிடும்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இத்தகைய விழாவுக்கு அரசர் பெயரோ அரசி பெயரோ அமைவதே வழக்கம். இந்த விழாவுக்கோ பூக்காரர்களின் பெயர் அமைந்தது. பூக்கட்டுபவனின் கூடைக்கு அதிகாலையில் வந்து சேரும் மலர்கள், தாம் எந்தச் சந்நிதிக்குச் செல்லப் போகின்றன என்பதை அறிவதில்லை. கட்டுபவனும் கோயிலுக்கு ஒரு நார், தர்காவுக்கு வேறொரு நார் என்று எடுப்பதில்லை. இரண்டையும் ஒரே கவனத்தோடு கட்டுகிறான். ஏனெனில் அவன் கட்டுவது தன் பெருமைக்காக அன்று. யாரோ ஒருவருடைய வேண்டுதல் நிறைவேறுவதற்காக. பிறருடைய வேண்டுதலுக்காகக் கை நோகப் பூத்தொடுப்பவனே சிறந்த பக்தன்.

இந்த மனம் தில்லிக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தில் நாகூர் தர்காவின் மினாராக்களுள் ஒன்றைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். பிள்ளைக்கு நோய் என்றால் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்ளும் தாய்மார் தமிழகமெங்கும் உண்டு. தாயின் கண்ணீர் மதம் பார்த்து வழிவதில்லை.

ஆங்கில ஆட்சி 1942-இல் பூக்காரர்களின் உலாவை நிறுத்தியது. விடுதலை இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த அந்த ஆண்டில், மக்கள் ஒன்றாக நடப்பதே ஆட்சியாளருக்கு அச்சம் தந்தது. ஐந்தே ஆண்டுகளில் அதைவிடப் பெரிய துன்பம் வந்தது. அதை எந்த அரசாணையும் கொண்டுவரவில்லை; மனிதர்களின் நெஞ்சங்களே கொண்டுவந்தன.

கடைசி யாத்திரை

1947-இல் நாடு பிரிந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் சுமார் 5 லட்சம் அகதிகள் தில்லிக்கு வந்து குவிந்தனர். வீட்டை இழந்தவர், நிலத்தை இழந்தவர், பெற்ற பிள்ளைகளைக் கண்ணெதிரே இழந்தவர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். அவர்களின் வேதனை தில்லியில் கோபமாக வெடித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த இஸ்லாமியர் வீடுகளை விட்டு ஓடினர், பலர் கொல்லப்பட்டனர். மெஹ்ரௌலியும் தப்பவில்லை. ஏழு நூற்றாண்டுகளாகத் தீபம் எரிந்த குத்புதீனின் தர்காவில் சலவைக்கல் சாளரங்கள் உடைக்கப்பட்டன. ஆண்டுதோறும் நடைபெறும் உர்ஸ் விழா அந்த ஆண்டு நடக்குமா என்பதே ஐயமாயிற்று.

காந்தியடிகளுக்கு அப்போது வயது 78. 1948 ஜனவரி 13 அன்று, கடுங்குளிரில், அவர் உண்ணாநோன்பைத் தொடங்கினார். நோன்பை முடிக்க வேண்டுமானால் நிறைவேற வேண்டியவை என்று அவர் தெரிவித்தவற்றுள் மெஹ்ரௌலி உர்ஸ் விழா வழக்கம்போல் அச்சமின்றி நடைபெற வேண்டும் என்பதும் ஒன்று. நாட்டின் தலைவிதியே தத்தளித்துக்கொண்டிருந்த வேளையில், ஒரு குன்றின்மீதுள்ள ஒரு சமாதியின் ஆண்டுவிழாவுக்காக அவர் தம் உயிரைப் பணயம் வைத்தார். அது அவருடைய சமயத்தின் திருவிழாவும் அன்று. அதனாலேயே அதற்காக நோன்பிருப்பது தம் கடமை என்று அவர் கருதினார். தன் திருவிழா தடைபட்டால் எவனும் வருந்துவான். அடுத்தவன் திருவிழா தடைபட்டதற்காகப் பசித்திருப்பவனே அருளாளன்.

ஜனவரி 18 அன்று பல சமயத் தலைவர்களும் ஒன்றுகூடி உறுதிமொழி அளித்தபின் அவர் நோன்பை முடித்தார். ஜனவரி 20 அன்று அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதைச் செய்த இளைஞனை யாரும் வெறுக்க வேண்டாம் என்றார். ஜனவரி 27 அன்று, உடல்தளர்ச்சி இன்னும் நீங்காத நிலையில், மெஹ்ரௌலிக்குச் சென்றார். உர்ஸ் விழா நடந்துகொண்டிருந்தது. உடைந்த சாளரங்களைக் கண்டு வருந்தினார். தாம் அங்கே ஒரு யாத்திரிகனாக வந்திருப்பதாகச் சொன்னார். இந்து, இஸ்லாமியர், சீக்கியர் அனைவரும் தூய்மையான மனத்துடன் நின்று, இனிப் பகைக்கு இடந்தராமல் உடன்பிறந்தாராக வாழ்வதாக அந்தப் புனித இடத்தில் உறுதிகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த நாளில் அவர் மற்றொன்றையும் மறைக்கவில்லை. எல்லைப்புறத்தில் பராச்சினார் என்னுமிடத்தில் இந்துக்களும் சீக்கியரும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட செய்தி அப்போதுதான் வந்திருந்தது. தர்காவின் முற்றத்தில் நின்றபடியே அந்தத் துயரத்தையும் அவர் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, பழிக்குப் பழி வேண்டாம் என்றார். ஒரு தரப்பின் காயத்தை மட்டும் பேசி மற்றொரு தரப்பின் காயத்தை அவர் விழுங்கிவிடவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசி, இரண்டுக்கும் ஒரே மருந்தைச் சொன்னார்.

நிக்கோவின் மூன்று குரங்குகளின் உபதேசம் இங்கேதான் விளங்குகிறது. கண்ணை மூடிக்கொள் என்பதற்கு, நடக்கும் அநீதியைப் பாராமல் இரு என்று சிலர் பொருள் கொள்வர். காந்தியடிகள் அநீதியைப் பார்த்தார். நேரில் சென்று, உடைந்த கல்லின் முன் நின்று பார்த்தார். அவருடைய கண் மூடியிருந்தது பகையின் பார்வைக்கு. அவருடைய காது மூடியிருந்தது பழியின் அழைப்புக்கு. அவருடைய வாய் மூடியிருந்தது வெறுப்பின் சொல்லுக்கு. துன்பத்திற்கு அவருடைய கண்ணும் காதும் வாயும் முழுமையாகத் திறந்திருந்தன.

மெஹ்ரௌலியே அவருடைய கடைசி யாத்திரைத் தலமாயிற்று. மூன்று நாட்களுக்குப் பின், ஜனவரி 30 அன்று மாலை, பிரார்த்தனைக்குச் செல்லும் வழியில் அவர் சுடப்பட்டார். வாழ்நாள் முழுவதும் ராமநாமம் ஜபித்த ஒரு வைணவரின் இறுதித் தலயாத்திரை ஒரு சூஃபி ஞானியின் சந்நிதியில் நிறைவுற்றது.

பின்னர், 1960-களின் தொடக்கத்தில், பிரதமர் ஜவஹர்லால் நேருவின் முயற்சியால் பூக்காரர்களின் உலா மீண்டும் உயிர்பெற்றது. நின்றுபோயிருந்த பூவிசிறிகள் மறுபடியும் இரு வாசல்களையும் நோக்கி நடந்தன. தில்லியோடு நில்லாமல் பல மாநிலங்களிலிருந்தும் விசிறிகள் வந்து சேர்ந்தன.

ஒவ்வொருவரும் தொடுக்க வேண்டிய விசிறி

அன்பர்களே, விசிறியின் இயல்பைச் சற்றே சிந்தித்தால் போதும். தனக்கு வியர்க்கும்போது தனக்கு வீசிக்கொள்பவன் சாதாரண மனிதன். பிறருக்கு வியர்க்கும்போது அருகில் நின்று வீசுபவன் சேவகன். சந்நிதியில் விசிறி சமர்ப்பிப்பதன் உட்பொருள், 'இறைவா, உன் படைப்பில் யாருக்கு வெம்மை தாக்கினாலும் அவருக்கு வீச என் கை தயாராக இருக்கிறது' என்பதே.

எல்லோராலும் மெஹ்ரௌலிக்குச் செல்ல இயலாது. நிக்கோவுக்குச் செல்வது அதனினும் அரிது. ஆனால் ஒவ்வொருவருடைய தெருவிலும் பிறர் சந்நிதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவருடைய அலுவலகத்திலும் வேறு பெயரால் இறைவனை அழைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் நோன்பிருக்கும் மாதத்தில் அவருடைய வேலைச்சுமையில் ஒரு பங்கை ஏற்பது ஒரு பூ. அவர் வீட்டு ஊர்வலம் செல்லும்போது முகம் சுளிக்காமல் வழிவிட்டு ஒதுங்கி நிற்பது ஒரு பூ. தன் குழந்தை பிறருடைய தெய்வத்தைக் கேலி பேசும்போது அதே இடத்தில் அன்புடன் திருத்துவது ஒரு பூ. அடுத்த சமயத்தாரைப் பற்றிய வதந்தி காதுக்கு வரும்போது அதை அடுத்தவர் காதுக்கு அனுப்பாமல் தன்னிடமே முடித்துவிடுவது எல்லாவற்றிலும் பெரிய பூ. இத்தகைய பூக்களைத் தொடுத்தால் ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு விசிறி உருவாகிவிடும்.

இதனால் தன் நெறியில் உள்ள பிடிப்பு தளர்ந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்திற்கு இடமில்லை. காந்தியடிகள் தர்காவின் முற்றத்தில் நின்றபோது அவருடைய ராமன் அவரைவிட்டு விலகிச் செல்லவில்லை. யோகமாயாவுக்கு மலர் சென்றதனால் குத்புதீனின் சமாதியில் மணம் குறையவுமில்லை. வேர் ஆழமாக ஓடிய மரம் காற்றுக்கு அஞ்சுவதில்லை; தன் நிழலில் யார் வந்து அமர்கிறார் என்று கேட்பதுமில்லை.

ஆரவல்லிக் குன்று கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே நிற்கிறது. அதன்மீது அரசுகள் எழுந்தன, வீழ்ந்தன. கோயில்களும் பள்ளிவாசல்களும் எழுந்தன, இடிந்தன, மீண்டும் எழுந்தன. யார் ஏறி வந்தாலும் அது தன் பாறையை விரித்துக் கொடுத்தது. மழை பெய்தபோது எல்லோருக்கும் ஒரே நீரைத் தேக்கிக் கொடுத்தது. எங்கும் நிறைந்த பரம்பொருளின் பொறுமைக்குக் குன்றைவிடச் சிறந்த உருவகம் வேறில்லை. அந்தப் பொறுமையில் ஒரு துளியேனும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தங்கட்டும். தன் வாசலுக்குத் தொடுக்கும் அதே கவனத்தோடு அடுத்தவர் வாசலுக்கும் பூத்தொடுக்கும் கைகளை இறைவன் எல்லோருக்கும் அருள்வானாக.